250 மணி நேரமும் 86 விநாடியும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. சென்னை அப்போது மெட்ராஸ். 250 மணி நேரத்துக்குத் தனியாளுக்கு 5,000 ரூபாய், நிறுவனங்களுக்கு 15,000. டெலிபோன் பில் தனி. ஆவடிக்காரரானாலும் பூந்தமல்லிக்காரரானாலும் சுவாமி சிவானந்தா சாலைக்குப் போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட்.

நான் ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் டெலிபோன் கேபிள் ஜாயிண்டர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கணக்கு தெரியும். 250 மணி நேரமும் ஒரு நொடி வீணாகாமல் இறக்கினாலும் மொத்தம் ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்று கொரட்டூரில் ஒரு வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர் போட்டால் அதே சரக்கு 86 விநாடியில் வந்து இறங்கிவிடும்.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கு பாதிதான் சொல்லும். 9.6-இல் தொடங்கிய டயல்-அப் இணைப்பு கடைசியில் 56 கிலோபிட்டில் ஏன் முட்டிக்கொண்டு நின்றது? அதற்கு டெலிபோனின் பிறப்பைப் பார்க்க வேண்டும். மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் போதும் என்று முடிவு செய்துதான் வலையமைப்பையே கட்டினார்கள். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் அந்தக் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதும். பெருக்கினால் 64 கிலோபிட். அமெரிக்க லைன்களில் சிக்னலுக்காக ஒரு பிட் அவ்வப்போது திருடப்படும். மிச்சம் ஏழு பிட், அதாவது 56. நம் எக்ஸ்சேஞ்சுகள் ஐரோப்பிய முறையில் சிக்னலுக்குத் தனித் தடம் ஒதுக்கியவை. இங்கே திருட்டு இல்லை. இருந்தும் 1998-இல் வந்த வி.90 தரம் 56 என்றே எழுதியதால், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் 56 கே மோடம்தான். அதுவும் இறக்கத்துக்கு மட்டும், அனுப்ப 33.6.

அட்டைப்பெட்டியில் 56 என்று அச்சிட்டிருப்பார்கள். திரையில் 44 வந்தால் அதிர்ஷ்டம். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் 28-க்கும் கீழே. காரணம் எங்கள் குழிக்குள் இருந்தது. பழைய கேபிளில் செம்புக் கம்பிக்குக் காகிதம்தான் உறை. ஜாயிண்டில் ஈரம் புகுந்தால் காகிதம் குடித்துவிடும். பிறகு ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது, ஓரளவு தப்பினோம். எங்கள் பாஷையில் லைன் ஃபால்ட் என்றால் டிஸ் (கம்பி அறுந்தது), எர்த் (மண்ணைத் தொட்டது), லூப் (இரு கம்பியும் ஒட்டிக்கொண்டது), இவ்வளவுதான். லேசான இரைச்சலை யாரும் புகாராகவே எழுத மாட்டார்கள். பேச்சு புரிந்தால் போதும். மோடம் வந்த பிறகுதான் இரைச்சலே ஃபால்ட் ஆனது. "பேச நல்லாத்தாம்ப்பா இருக்கு, நெட்டு மட்டும் கட்டாகுது" என்று பட்டறை முதலாளிகள் சொல்வார்கள். டெஸ்ட் போனைக் காதில் வைத்தால் எனக்கும் நன்றாகத்தான் கேட்கும். பல வருஷத்து ஜாயிண்ட்டைப் பிரித்து மறுபடி போட்டால்தான் மோடம் சமாதானமாகும்.

1998 நவம்பரில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையின் சத்யம் ஆன்லைன் முதலில் வந்தது. 2004 பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டையே அகலம் என்றது. 2005-இல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது, அதே செம்புக் கம்பியில், குரலுக்கு மேலே சும்மா கிடந்த அலைவரிசைகளில் டேட்டா ஓடியது. என்னைக் கேட்டால் மிகப் பெரிய தாவல் அதுதான், ஃபைபர் அல்ல. கம்பியின் மேல் எங்களுக்கே நம்பிக்கை போயிருந்த நேரம் அது.

ஃபைபரிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இன்று வீடுகளுக்குப் பரவலாக வரும் ஜிபான் முறையில் ஓர் இழை 2.488 கிகாபிட் கொண்டுவரும். தெருமுனை ஸ்ப்ளிட்டர் அதை 32 வீட்டுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ஆளுக்கு 78 மெகாபிட்தான். டயல்-அப்பிலும் கூட்டம் உண்டு; அப்போது எங்கேஜ் டோன் கேட்டு நின்றுவிடுவோம், உள்ளே நுழைந்தவருக்கு எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி முழுக்க அவருடையது. இப்போது யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, எல்லோருடைய பங்கும் சுருங்குகிறது.

ஆகவே புது இணைப்பு எடுக்கிறவர்கள் "எத்தனை எம்பி?" என்பதோடு "ஒரு ஸ்ப்ளிட்டரில் எத்தனை வீடு?" என்றும் கேளுங்கள். வேகத்தை வைஃபையில் அளக்காதீர்கள். லேன் கேபிளைச் செருகி, இரவு ஒன்பது மணிக்கு அளந்து பாருங்கள். மெகாபைட் வேண்டுமென்றால் வருவதை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.