பெருகும் மீனும் பப்பாசி விதையும்: ஒரு வரலாற்று நோக்கு

மீன் வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் மீனைப் பெருக்குதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சிகளையே பெரும்பாலும் விரித்துரைப்பர். 1957இல் இந்தியாவில் ஹீராலால் சௌத்ரி கபச்சுரப்பிச் சாற்றைச் செலுத்திக் கெண்டையினங்களை முட்டையிடச் செய்தமை அவ்வகையில் பெரிதும் போற்றப்படுகின்றது. மீன் பெருகாது தடுப்பதற்கு நிகழ்ந்த முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. திலாப்பியாவே அதன் நடுநாயகம்.

கிழக்காபிரிக்க நதிகளைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா 1930களின் பிற்பகுதியில் யாவாத் தீவிற் கண்டெடுக்கப்பட்டது. அதனை எடுத்து வளர்த்த முஜாயிர் என்பவரின் பெயராலேயே இந்தோனேசிய மக்கள் இன்றும் அம்மீனை அழைக்கின்றனர். 1950களின் தொடக்கத்தில் அது இலங்கைக்கு வந்தது. நெல்வயல்களுக்கு நீரூட்டக் கட்டப்பட்ட பராக்கிரம சமுத்திரம் முதலிய பெருங்குளங்களில் அது தானே பெருகியது. அப்பெருக்கத்தை ஆதாரமாகக் கொண்டு உள்நாட்டு மீன்பிடித் தொழில் வளர்ந்தது. ஆனால், பெருங்குளத்தில் வரமாயிருந்த அதே இயல்பு சிறு தடாகத்திற் சாபமாயிற்று. இம்மீன் இரண்டு மூன்று மாதங்களிலேயே இனவிருத்திக்குரிய முதிர்ச்சியை எய்தும். பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள் வைத்துக் காப்பதால் அவற்றுட் பல பிழைத்துக்கொள்ளும். இதனால் தடாகம் குஞ்சுகளால் நிறைய, உணவு போதாமல் எல்லா மீன்களும் குறுகிப்போகும். உழைத்தவனுக்கு எஞ்சுவது விலைபோகாத சிறு மீன்களே.

ஆண்மீன் விரைந்து வளர்வதால் ஆண்களை மட்டும் வளர்ப்பதே தீர்வெனக் கருதப்பட்டது. முதலிற் கையாற் பிரித்தெடுத்தனர். பின்னர் மலாக்காவிலிருந்த ஆய்வு நிலையத்தில் ஹிக்லிங் என்னும் ஆங்கிலேயர் சன்சிபார் ஆண்மீனையும் யாவா வழிவந்த பெண்மீனையும் கலந்து ஆண்குஞ்சுகளை மட்டும் பெற்று, 1960இல் அதனை வெளியிட்டார். 1968இல் மெதைல்டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஓமோனை உணவிற் கலந்தூட்டிக் குஞ்சுகளை ஆணாக மாற்றும் முறை அமெரிக்காவில் வெளியாயிற்று. முன்னைய முறைக்குத் தூய இனவழிகளைப் பேணும் நிலையம் வேண்டும். பின்னையதற்கு மருந்தும் நுண்ணிய தராசும் வேண்டும். சிறு விவசாயியிடம் இவற்றுள் எதுவும் இல்லை.

தாவரச் சாறுகளின் மீது ஆய்வாளரின் நாட்டம் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். பப்பாசி விதை ஆண் எலிகளின் கருவளத்தைக் குறைப்பதை இந்திய ஆய்வாளர் முன்னரே காட்டியிருந்தனர். 2003இல் நைஜீரியாவின் கலபார் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று அவ்விதையை நைல் திலாப்பியாவுக்கு 30 நாட்கள் ஊட்டிப் பார்த்தது. குறைந்த அளவில் விந்தகக் கலங்களின் கருக்கள் வீங்கின; கூடிய அளவில் அவை சிதைந்தன. தொடர்ந்து வேப்பிலையும் செவ்வரத்தை இலையும் அந்நாட்டிற் பரிசோதிக்கப்பட்டன.

இவற்றைப் 'பாரம்பரிய அறிவு' என்று வழங்குவோர் உளர். பப்பாசி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாக ஆசியாவுக்கு வந்த மரம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கருவுற்ற பெண்கள் அப்பழத்தைத் தவிர்க்கும் வழக்கமும் அம்மரம் வந்தபின் தோன்றியதே.

இயற்கையானது தீங்கற்றது என்னும் வாதமும் வரலாற்றின்முன் நில்லாது. சீனாவில் பருத்தி விதையிலிருந்து எடுக்கப்பட்ட கொசிபோல் 1970களில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கருத்தடை மருந்தாகக் கொடுக்கப்பட்டது. சிலருக்கு இரத்தத்திற் பொற்றாசியம் குறைந்தது. சிலருக்குக் கருவளம் மீளவே இல்லை. 1980களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. மீனுக்கு ஊட்டும் விதை மீனை உண்பவனுக்கு என்ன செய்யும் என்ற வினாவைத் தட்டிக்கழிக்க முடியாமைக்கு இதுவே சான்று.

வேறொரு குறையும் உண்டு. ஓமோன் குஞ்சை ஆணாக மாற்றுவதால் விரைந்த வளர்ச்சியும் கிடைக்கின்றது. பப்பாசி விதையோ இனவிருத்தியைத் தடுக்கின்றதேயன்றிப் பெண்மீனை ஓமோனைப்போல் உறுதியாக ஆணாக்குவதில்லை. மேலும், காயின் முதிர்ச்சிக்கும் விதையை உலர்த்தும் முறைக்கும் ஏற்ப அதன் வீரியம் வேறுபடக்கூடும். ஆதலால், முற்றத்து மரத்தின் விதை இலவசமாகக் கிடைப்பினும் அதன் அளவை வரையறுக்க மீண்டும் ஆய்வுகூடமே வேண்டியிருக்கின்றது. வணிகக் குஞ்சு பொரிப்பகங்கள் பல இன்றும் மூன்று நான்கு வாரங்கள் ஓமோன் உணவை ஊட்டியே குஞ்சுகளை விற்கின்றன; சிறு தடாகக்காரன் அவற்றை அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்குகின்றான்.