பேஸ்மென்டில் கிடந்த இரண்டு இழைப்புளிகள்



பழைய பேப்பர்காரருக்காகச் சாமான் ஒதுக்கும் பேஸ்மென்ட் மூலையில் போன வாரம் இரண்டு மர இழைப்புளிகள் கிடந்தன. ஒன்று முழங்கை நீளம், மற்றது ஒரு சாண். எந்த வீட்டுத் தாத்தாவின் கை பட்டதோ தெரியவில்லை. ஐப்பசி மழையில் கதவுகள் ஊதியதும் நம்மில் சிலர் மின் இழைப்புளி வாங்கினோம். இனி பழையது எதற்கு என்று தோன்றியிருக்கும். போகிக்கு முன் நீங்களும் பரணை ஒழிப்பீர்கள். அதற்குள் இந்தக் கருவியின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரிலேயே இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. கட்டையில் ஒரு வாய், அதில் சாய்ந்து நிற்கும் தகடு, அது நகராமல் ஓர் ஆப்பு. நம் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு சீவியதும் ஏறக்குறைய இதே அமைப்பை வைத்துத்தான். தகடு மயிரிழை இறங்க வேண்டுமானால் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். எவ்வளவு தட்டுவது என்பது பழகிய கைக்குத்தான் தெரியும்.

அந்தச் சிரமத்தைக் குறைத்தவர் அமெரிக்கரான லியனார்ட் பெய்லி. திருகைச் சுற்றினால் தகடு ஏறி இறங்கும்படி செய்தார். 1869-ல் அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இன்று ஹார்டுவேர் கடையில் எந்தப் பெயரில் இரும்பு இழைப்புளி கேட்டாலும் பெரும்பாலும் அந்த அமைப்புதான் வரும். 1958-ல் ஜப்பானில் மகிடா நிறுவனம் மின் இழைப்புளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் புதிது வந்ததும் தச்சர்கள் பழையதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பல வருடம் உழைத்த கட்டையின் அடிப்பாகம் தேய்ந்து, வாய் அகன்றுவிடும். வழவழப்பாக இழைக்க அது ஆகாது. அதே அகன்ற வாய்தான் தடித்த சுருளை அடைக்காமல் வெளியே விடும்! அதனால் தகட்டின் முனையைக் கொஞ்சம் வளைவாகத் தீட்டி, முதல் முரட்டுச் சீவலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆணி ஒடிந்து நிற்கும் பழைய சட்டத்தில் புதுத் தகட்டை இறக்க யாருக்கு மனம் வரும்?

நம் சித்திரைத் தேரோட்டத்தில் சன்னைக் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பின்னும் அங்கே முட்டுக்கட்டை போகவில்லை. அதுபோலத்தான் இதுவும்.

நம் வீடுகளுக்கு வருவோம். ஃப்ளஷ் கதவின் ஓரத்தில் கெட்டி மரம் ஒரு குறுகிய பட்டையளவுதான் இருக்கும். மின் இழைப்புளி அதை நொடியில் தின்றுவிடும். ஐப்பசியில் தாராளமாகச் சீவினால் சித்திரையில் இடுக்கு வழியே காற்று வரும். கை இழைப்புளியோ நாலு இழுப்பில் வேண்டியதை மட்டும் எடுக்கும். மதியம் தூங்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழாது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கட்டை செல்லரித்திருந்தால், ஆப்பு உட்காரும் இடத்தில் பிளந்திருந்தால், இரும்பின் அடித்தட்டில் விரிசல் இருந்தால் தயங்காமல் போடுங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிடலாம். ஆனால் தகட்டை மட்டும் கழற்றிப் பாருங்கள். தீட்டிய சரிவில் இரண்டு நிறமாக ஒரு கோடு தெரிந்தால், அது மெல்லிரும்பின் மேல் எஃகு ஒட்டி அடித்த பழைய வேலை. கட்டை போனாலும் அதை விடாதீர்கள்.

மூலையில் கிடந்த இரண்டையும் துடைத்துச் சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். பெரியதில் செல் விழுந்திருக்கிறது. சின்னது நன்றாக இருக்கிறது, தகட்டில் அந்தக் கோடும் தெரிகிறது. உரியவர் போகிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் சின்னதை நான் எடுத்துக்கொள்வேன், இப்போதே சொல்லிவிட்டேன்.