கற்கும் ஆசிரியர்: சென்னைக் கணித மரபு ஒரு நோக்கு

ஆராய்ச்சி செய்வோர் ஒரு சாரார், பாடம் நடத்துவோர் மற்றொரு சாரார், மாணவனுக்கு வழிகாட்டுவோர் வேறொரு சாரார் என்று கல்விப் பணியை மூன்றாகப் பங்கிடும் வழக்கம் இன்று பல இடங்களில் வேரூன்றியுள்ளது. இம்மூன்று பணிகளும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைந்தால் என்ன விளையும் என்பதற்குச் சென்னை மாநகரின் கணித வரலாறு தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் ஓர் இழை நம் நாட்டையும் தொட்டுச் செல்வதால், நம் ஆசிரியப் பெருமக்கள் அதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

பேராசிரியர் ஆனந்தராவ் (1893–1966) கேம்பிரிட்ஜில் பயின்றவர். கணிதமேதை இராமானுசன் அங்கிருந்த நாட்களில் தாமும் உடனிருந்தவர். 1919இல் தாயகம் திரும்பிச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அக்கல்லூரி ஆராய்ச்சிக்கென்றே எழுந்த நிலையம் அன்று. பட்ட வகுப்புகளுக்குப் பாடம் சொல்லும் இடமே. ஆயினும், அவர் தம் ஆய்வை நிறுத்தினாரில்லை; தாம் ஆய்ந்த துறையிலேயே மாணவரையும் ஈடுபடுத்தினார். விஜயராகவன், மீனாட்சிசுந்தரம், சந்திரசேகரன் முதலாய அறிஞர் பலர் அவர்தம் மாணாக்கரே.

அவர் வழிவந்தவருள் சிவசங்கரநாராயண பிள்ளையின் வரலாறு நம் நெஞ்சை உருக்குவது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தார்; குழவிப் பருவத்திலே தாயை இழந்தார்; பள்ளி இறுதி வகுப்பில் தந்தையையும் இழந்தார். அவ்வேளையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் துணை நின்றிராவிடின், தமிழகம் ஒரு மேதையை இழந்திருக்கும். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டே அவர் தீர்த்த வாரிங் கணக்கு உலகப் புகழ் பெற்றது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது முன்னோர் கண்ட உண்மை. அதுபோல, ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத எத்தனை வேண்டும்? எழுபத்து மூன்று போதும் என்று 1940இல் பிள்ளை நிறுவினார். 1950இல் அமெரிக்கப் பயணத்தின்போது கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தது நம் தவக்குறையே.

இனி இலயோலாக் கல்லூரிக்கு வருவோம். பிரான்சு நாட்டுப் பாதிரியார் சார்ல்சு இரசீன் (1897–1976) பாரிசில் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். 1937இல் இந்தியா வந்து, திருச்சியில் சின்னாள் பணியாற்றியபின் சென்னையில் நிலைத்தார். பாடத்திட்டத்தில் இல்லாத புதுக் கணிதத்தை மாணவர்க்கு அறிமுகம் செய்தார். திறமுடையோரைப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற்கு ஆற்றுப்படுத்தினார். அங்கே கணிதத் துறையை வளர்த்துக்கொண்டிருந்தவர் ஆனந்தராவின் மாணவராகிய சந்திரசேகரன். இவ்வாறு இரு மரபுகளும் ஓரிடத்தில் கலந்தன. 1953இல் அங்குச் சென்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆயினும், ஒரு குறை வளர்ந்து வந்தது. ஆராய்ச்சி நிலையங்களில் இளநிலை மாணவர் இல்லை. கல்லூரிகளிலோ ஆராய்ச்சி அருகியது. ஊற்று ஓரிடத்தும் வயல் வேறிடத்தும் இருந்தால் பயிர் விளையுமா? இதனை உணர்ந்த சேஷாத்திரி 1989இல் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். 1998இல் அங்கு இளநிலை வகுப்புகள் தோன்றின. சென்னைக் கணிதவியல் நிறுவனம் என இன்று விளங்கும் அங்கே, ஆய்வாளரே பதினெட்டு வயது மாணவர்க்கும் பாடம் சொல்கின்றனர். தம் ஆசிரியரிடம் பெற்றதை ஒரு நிறுவனமாகவே ஆக்கித் தந்த சேஷாத்திரி 2020இல் இயற்கை எய்தினார்.

நம் நாட்டைத் தொட்ட இழை யாது? சிங்கை இராபிள்சு கல்லூரியில் 1931 முதல் கணிதப் பேராசிரியராயிருந்து, பின்னர் 1957 முதல் 1965 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய்ப் பணியாற்றியவர் அலெக்சாந்தர் ஓப்பன்ஹைம். அவர் 1929இல் வெளியிட்ட ஓர் எண் ஊகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக முடிவு காணாமல் கிடந்தது. அதனைத் தீர்க்கும் புதுவழியைச் சுட்டியவர், நரசிம்மனின் மாணவராகிய எம். எஸ். இரகுநாதன். அவ்வழிச் சென்று 1987இல் முடிவு கண்டவர் உருசிய அறிஞர் மார்கூலிசு. மலாயாவின் துணைவேந்தர் விட்ட வினாவுக்குச் சென்னையில் முளைத்த மரபு வழி காட்டியது!

இவ்வரலாறு பல்கலைக்கழகத்தார்க்கு மட்டும் உரியதென்று நாம் வாளா இருத்தலாகாது. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது; அது ஊட்டிய மனப்பழக்கமோ இன்னும் நீங்கவில்லை. விடை சரியா என்று கேட்கும் நாம், அவ்விடை எவ்வாறு வந்தது என்று மாணவனை வினவுகின்றோமா? டெங்கில் வட்டாரத் தோட்டப் பள்ளி ஆசிரியர் வாரிங் கணக்கைத் தீர்க்க வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரு புதுக் கணக்கைத் தாம் முயன்று பார்த்தல் வேண்டும். அம்முயற்சியை மாணவர் காணுமாறு செய்தல் வேண்டும். தம்மினும் வல்ல மாணவன் தோன்றின், அவனைத் தக்கார் கையில் ஒப்படைக்கும் பெருந்தன்மை வேண்டும். தாய் தந்தையரை இழந்த வல்லத்துச் சிறுவனுக்குத் துணை நின்றவரும் ஒரு பள்ளி ஆசிரியரே. அத்தகைய சிறுவர் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைக் கண்டுகொள்ளுதல் நம் கடன்.