அந்தியில் மலரும் மஞ்சள் மலர்

வட அமெரிக்காவின் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் ஆளுயரம் வளர்ந்து, கதிரவன் சாயும் வேளையில் மஞ்சள் மலர்களை விரிக்கும் செடி ஒன்று உண்டு. அதனை ஆங்கிலேயர் ‘ஈவினிங் பிரிம்ரோஸ்’ என்பர். ஆயினும் அது பிரிம்ரோஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மலேசியாவின் வயல் வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நான்கு மஞ்சள் இதழ்களோடு காணப்படும் நீர்க்கிராம்பே அதற்கு உறவாகும். பெயரிலேயே மயக்கம் தரும் இச்செடியினம், அறிவியல் வரலாற்றிலும் ஒரு பெருமயக்கத்திற்கு இடமாயிற்று.

1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இச்செடிக்கு ‘ஈனோத்தெரா பையென்னிஸ்’ எனப் பெயரிட்டார். பையென்னிஸ் என்பது ஈராண்டு வாழ்வது எனப் பொருள்படும். முதலாண்டில் இலைகள் நிலத்தோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். மறு ஆண்டில் தண்டு நிமிர்ந்தெழும். இதழ்கள் நான்கு, நடுவே சூல்முடி சிலுவைபோல் நான்காகப் பிரிந்திருக்கும். அந்தியில் மலரும் பூவை இரவில் அந்துப்பூச்சிகள் நாடி வரும். மறுநாள் நண்பகலுக்குள் அது வாடிவிடும். இவ்வடையாளங்களால் இனத்தை அறிவது எளிது. அவ்வினத்துள் இது எவ்வகை என்று துணிவதோ அரிது.

ஐரோப்பியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வினச் செடிகள், நாளடைவில் வேலி கடந்து வெளியிலும் பரவின. 1886ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஹில்வர்சம் என்னும் ஊருக்கு அருகே, கைவிடப்பட்ட உருளைக்கிழங்கு வயலொன்றில் ‘ஈனோத்தெரா லமார்க்கியானா’ என்னும் வகை செழித்திருப்பதை ஹியூகோ டி விரீஸ் கண்டார். அவற்றுள் சில, தம் உடன்செடிகளினின்றும் வேறுபட்டிருந்தன. விதைகளை ஆம்ஸ்டர்டாமிற்குக் கொண்டுசென்று, தலைமுறை தலைமுறையாக 50,000க்கும் மேற்பட்ட செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். மீண்டும் மீண்டும் புதுவடிவங்கள் தோன்றின. புதிய உயிரினங்கள் ஒரே பாய்ச்சலில் பிறக்கின்றன என்று முடிவு செய்து, 1901 முதல் 1903 வரை தம் ‘சடுதி மாற்றக் கொள்கை’யை நூலாக வெளியிட்டார். அறிவுலகம் வியந்தது.

பின்வந்தோர் அச்செடியின் உயிரணுக்களை நுணுகி நோக்கினர். அதன் குரோமோசோம்கள் 14. டி விரீஸ் புதிய இனமென்று கொண்ட பெருவடிவச் செடியிலோ அவை இரு மடங்காகி 28 இருந்தன என்பதை 1907இல் ஆன் லட்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். ஓட்டோ ரென்னர், ரால்ஃப் கிளேலண்டு ஆகியோரின் ஆய்வுகளால், அச்செடி தூய இனமன்று, கலப்பினம் என்பதும், அதன் குரோமோசோம்கள் வளையமாக இணைந்து தொகுதியாகவே வழிவழிச் செல்கின்றன என்பதும் தெளிவாயின. டி விரீஸ் கண்ட மாற்றங்களுட் பல, இவ்வமைப்பின் விளைவுகளே. அமெரிக்கக் காட்டுச்செடி என எண்ணப்பட்ட அவ்வகை, ஐரோப்பாவிலேயே கலப்பினால் தோன்றியது என்பது இன்றைய அறிஞர் கருத்து.

கொள்கை தளர்ந்தது, ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. பரம்பரைப் பண்பில் நேரும் மாற்றத்திற்கு டி விரீஸ் வழங்கிய ‘மியூட்டேசன்’ என்னும் சொல் இன்றும் உயிரியலில் நிலைபெற்றுள்ளது. அவருடைய செடிகளை ஆராயப் புகுந்ததால் குரோமோசோம் பற்றிய அறிவும் வளர்ந்தது. உயரமும் நிறமும் மலரும் பொழுதும் ஒரு செடியை அடையாளம் காட்டலாம். அதன் பிறப்பை அறிந்தாலன்றி அவ்வறிவு முழுமை பெறாது. வயலில் கண்டதைப் பல்லாண்டு பொறுமையுடன் பயிரிட்டுப் பதிவுசெய்தவர் ஒருவர். அப்பதிவை ஐயுற்று ஆராய்ந்தவர் பிறர். இவ்விரு சாராரும் சேர்ந்தே அம்மஞ்சள் மலரை உலகிற்கு அறிமுகம் செய்தனர்.