வலப்பனையில் ஒரு குரக்கன் ரொட்டி

பத்திரிகைப் பணி நிமித்தம் வலப்பனைத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தபோது, கொழுந்து பறித்து ஓய்ந்த தாயொருவர் சொன்னார்: "சீனி வருத்தமுன்னு எல்லாத்தையும் குறைக்கச் சொல்றாங்க ஐயா. அந்தப் பஞ்சத்துலதான் குறைச்சுச் சாப்பிட்டோமே!"

அச்சொல்லின் பின்னே வரலாறு இருக்கிறது. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னரும் தமிழகத்திலிருந்து வந்தோர் கேழ்வரகுக் கூழை அறிந்தவர்கள். தோட்டமோ அரிசியைக் கொடுத்துக் கூலியில் கழித்தது. பின்னர் கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீரும் அன்றாட உணவாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஆகவே நிறைந்த தட்டு அவர்களுக்கு வெறும் உணவன்று. பசியை வென்றதன் அடையாளம்.

அதனால் "குறையுங்கள்" என்பதைவிட "மாற்றுங்கள்" என்பதே பொருத்தம். கேழ்வரகைத்தான் இலங்கையில் குரக்கன் என்கிறோம்; வலப்பனைச் சிங்களக் கிராமத்தார் அதைச் சேனைகளில் விளைவித்தனர். அந்த மாவில் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துத் தட்டிய ரொட்டி, பருப்புக்கறி, கீரைச் சுண்டல். இனிப்புக்குக் கறுவாத்தூள் தூவிய தயிரும் சிறிது கொய்யாவும். கித்துள் பாணியும் சீனியே, குரக்கனும் அளவு மீறினால் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், மருந்தையும் நிறுத்தலாகாது.

நான் விடைபெறுகையில் அத்தாய் அடுப்பை மூட்டினார். "எங்க பாட்டி இதைத்தான் கூழாக் காய்ச்சும்" என்றார்.