அறுவை முதல் மல் வரை

சித்திரை பிறந்துவிட்டால் திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அந்த வெயிலில் மெயின்கார்டு கேட்டில் இறங்கிக் கடைவீதிக்குள் நடக்கிறவர் எதை உடுத்தலாம் என்று கேட்டால், பழைய தலைமுறையிடம் தயாராக ஒரு சொல் இருந்தது: மல். மல் வேட்டி, மல் ஜிப்பா. ஊரில் நிலபுலத்தோடு வாழ்ந்தவரின் அடையாளமாகவும் அது இருந்தது. 1990இல் வந்த ஒரு படத்துக்கு ‘மல்லுவேட்டி மைனர்’ என்று பெயர் வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மற்போரின் மல்லுக்கும் இந்த மல்லுக்கும் உறவு கிடையாது. வடக்கே மெல்லிய பருத்தித் துணிக்கு ‘மல்மல்’ என்று பெயர். வங்காளத்தில் அதை மூட்டை மூட்டையாக வாங்கிய ஆங்கில வணிகர்கள் பாதியை விட்டுவிட்டு ‘மல்’ என்றார்கள். அந்தக் குறுக்கம் நம் கடைகளிலும் நிலைத்துவிட்டது. இதே இனத் துணிக்கு ஐரோப்பியர் வைத்த இன்னொரு பெயர் மஸ்லின். ஈராக்கின் மோசூல் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது.

ஆனால் துணி இங்கே பெயருக்குக் காத்திருக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பில் ‘அர்கரு’ என்ற ஊர் வருகிறது. கடற்கரைக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஊர். அங்கிருந்து ஏற்றுமதியாகும் மெல்லிய துணிக்கு ‘அர்கரிடிஸ்’ என்று அந்த ஊரின் பெயரையே அவர் தருகிறார். அர்கரு என்பது சோழர் தலைநகரான உறையூர் என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்று திருச்சி மாநகருக்குள் ஒரு பகுதியாக இருக்கும் அதே உறையூர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது செங்கல்லில் கட்டிய சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. நெசவு அங்கே வீட்டு மூலையில் ஒதுங்கிக் கிடந்த வேலையல்ல என்பதற்கு அந்தத் தொட்டி போதும்.

தூரத்து ஊரிலிருந்து வரும் துணிக்கு அந்த ஊரின் பெயரை வைப்பது வாங்குகிறவர் வழக்கம். நாமும் அப்படித்தான் செய்தோம்: கலிங்க நாட்டோடு தொடர்புடைய துணி சங்கத் தமிழில் ‘கலிங்கம்’ ஆயிற்று. கோழிக்கோட்டுத் துணி ஆங்கிலேயருக்குக் ‘காலிகோ’ ஆயிற்று. உள்ளூர்க்காரர் தம் துணியை ஊர்ப் பெயரால் அழைப்பதில்லை. அவர்கள் கண்முன்னே தறியில் நடக்கும் வேலையிலிருந்து பெயரை எடுப்பார்கள்.

உறையூரோடு சேர்த்துப் பேசப்படும் கரிகாலன் ஒரு பொருநனுக்கு உடை கொடுப்பதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. இழை ஓடிய வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மை; மேலே பூவேலை; பாம்பு உரித்த தோல் போன்ற மென்மை. அந்தத் துணிக்குப் புலவர் இடும் பெயர் ‘அறுவை’. பாவிலிருந்து அறுத்து எடுப்பதால் அறுவை. சங்கப் புலவர்களில் ஒருவர் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்; ஜவுளிக்கடைக்காரர் என்று பொருள். இன்று அந்தச் சொல்லை மருத்துவமனையிலும், சலிப்பூட்டும் பேச்சிலும் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். துணி போய்விட்டது.

சொல் போனாலும் அதன் பின்னிருந்த எண்ணம் போகவில்லை. துணித்தது துணி. துண்டானது துண்டு. வெட்டியது வேட்டி என்பார் ஒரு சாரார். வடமொழி ‘வேஷ்டி’யே மூலம் என்பார் மறுசாரார். எனக்கு முதல் வழியே இயல்பாகப் படுகிறது, ஏனென்றால் பக்கத்தில் துணியும் துண்டும் அதே வழியில் நிற்கின்றன. ‘கட்பீஸ்’ என்று கடை வாசலில் எழுதி வைத்திருக்கிறவரும் அறியாமலே அறுவைதான் விற்கிறார்.

மெல்லிய துணியின் உயிர் நூலின் நம்பரில் இருக்கிறது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை வருமோ, அதுவே நம்பர். நூறாம் நம்பர் நூல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சில் 84,000 கெஜம், ஏறத்தாழ 77 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் போய், கொஞ்ச தூரம் திரும்பியும் வந்துவிடலாம். அவ்வளவு நுண்ணிய இழை தறியில் அறாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். புதுத் துணி மொடமொடவென்று இருப்பது அந்தக் கஞ்சியால்தான். சில சலவைக்குப் பிறகே மல் தன் குணத்துக்கு வரும். வியர்வையை உறிஞ்சும், காற்றை உள்ளே விடும், ஈரம் சீக்கிரம் உலரும். உடம்பு குளிர்வதற்கு வேண்டியது இவைதான். பாலியெஸ்டர் எத்தனை மெல்லியதாக இருந்தாலும் வியர்வையைத் தோலிலேயே நிறுத்தி வைக்கும்.

பருத்தி உடம்பை ஏற்றுக்கொள்ளும் துணி என்பதை ஸ்ரீரங்கம் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. படையெடுப்புக்குத் தப்பிப் பல ஊர்கள் சுற்றிய உற்சவ மூர்த்தி 1371இல் திரும்பி எழுந்தருளியபோது, கோயிலில் ஏற்கெனவே வேறொரு மூர்த்தி இருந்தார். எவர் பழையவர் என்று யாருக்கும் விளங்கவில்லை. பெருமாளின் உடைகளை வெளுத்துவந்த, கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சன ஆடையைப் பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தை வாங்கிப் பருகி, மணத்தால் அறிந்து, ‘நம்பெருமாள்’ என்றாராம். கோயிலின் மரபுக் கதை இது. அந்தப் பெயரே இன்றும் அரங்கனின் பெயர். ‘ஈரவாடை’ என்ற சொல்லும் கோயில் வழக்கில் இருக்கிறது. அறுவையை மறந்த நாட்டில் இந்த ஒரு துணிச் சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு சலவைத் தொழிலாளியின் மூக்கு என்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

உறையூரில் கைத்தறி இன்றும் இருக்கிறது. முசிறிப் பக்கம் மணமேட்டிலும் பருத்திச் சேலை நெய்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் துணியை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்னால் வைத்த விரல் மங்கலாகத் தெரிய வேண்டும், இழைகள் ஒரே சீராக ஓட வேண்டும். மல் வேட்டியானால் நான்கு முழம் போதாது. எட்டு முழம் வாங்கி இரட்டையாகக் கட்டுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். கடைக்காரரிடம் நூல் என்ன நம்பர், எந்த ஊர்த் தறி என்று கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் நெய்த ஊரின் பெயர் மறுபடியும் துணியோடு வரும்.