கோவா கடற்கரைக் குடில்: வாடகை ஏன் மலிவு?

ஒவ்வொரு வருடமும் தீபாவளி முடிந்த கையோடு ஒரே கேள்விதான். "சார், குடும்பத்தோட கோவா போகலாம்னு இருக்கோம். ஓட்டல் வாடகையெல்லாம் எட்டாத உயரத்துல இருக்கு. பீச் ஓரமா, சின்னதா, சுத்தமா, நாலு பேர் தங்கற மாதிரி ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்கும். தெற்குக் கோவாவில் பாலோலெம் என்று ஒரு கடற்கரை. மூங்கிலும் பலகையும் கீற்றும் வைத்துக் கால் ஊன்றிக் கட்டிய குடில்கள் வரிசையாக இருக்கும். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கொசுவலை, பின்னால் சின்னக் குளியலறை. முன்னால் கடல். அவ்வளவுதான்.

ஆனால் இதே குடில் நவம்பரில் ஒரு விலை, கிறிஸ்துமஸ் வாரத்தில் வேறு விலை, ஜூன் மாதம் போனால் குடிலே இருக்காது! வணிகவியல் படித்தவனுக்கு ஒரு விலையைப் பார்த்தால் அதன் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேடாமல் இருக்க முடியாது. தேடிப் போனால் அது அறுபது வருடத்துக் கதை. அதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டால் பணமும் மிச்சம், மனதுக்கும் நிறைவு.

முதலில் ஒன்று. பழைய காலத்தில் நம் நாட்டில் கடற்கரை மணல் என்பது தங்குமிடமே இல்லை. அது வேலை செய்யும் இடம். வலை உலர்த்துவார்கள், படகு இழுப்பார்கள், தென்னையில் கள் இறக்குவார்கள். வசதியானவர்களின் வீடுகள் வயலைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும். கோவா எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் கர்நாடகத்தில் கோகர்ணம். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் அது. அங்கே வந்த யாத்ரீகர்களும் கடலில் முழுகிவிட்டுக் கோயில் பக்கம்தான் தங்கினார்கள். மணலில் யாரும் படுக்கவில்லை.

கோவாவில் மட்டும் ஒரு தனி வழக்கம் இருந்தது. போர்த்துகீசியர் ஆட்சிக் காலத்தில் மட்காவ் நகரத்து வசதியான குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் கோல்வா கடற்கரைக்குக் குடிபெயர்வார்கள். இதற்கு 'முடான்சா' என்று பெயர். மாற்றம் என்று பொருள். பாத்திரம் பண்டம், வேலைக்காரர் எல்லாம் கூடவே வரும். கோடையில் உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பு வலி போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கடலோரத்தில் வீடு பிடித்துத் தங்குவது என்ற பழக்கம், வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி வருவதற்கு முன்பே, கோவாக்காரர்களிடமே இருந்திருக்கிறது.

1961 டிசம்பர் 19-ல் கோவா இந்தியாவோடு இணைந்தது. 1960களின் நடுவிலிருந்து ஹிப்பிகள் வரத் தொடங்கினார்கள். இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் என்று பஸ்ஸிலும் லாரியிலும் தரைவழியாக வந்தவர்கள். கையில் காசு குறைவு, நாள்கள் அதிகம். குளிர்காலத்தில் கோவா, வெயில் ஏறினால் மணாலி அல்லது காத்மாண்டு. கலங்கூட், அஞ்சுனா, சாப்போரா கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். எங்கே தங்கினார்கள்? அன்று அந்தக் கிராமங்களில் லாட்ஜ் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊர்க்காரர்களின் வீட்டில், காலியாக இருந்த அறைகளில்.

அந்த அறைகள் ஏன் காலியாக இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மும்பையில் இருப்பவர்கள் மெட்ரோ சினிமா பக்கம், தோபி தலாவில், பழைய கட்டடங்களில் கோவா கிராமங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருக்கலாம். இவற்றுக்குக் 'கூட்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஊருக்கு ஒரு கிளப். கப்பலில் சமையல்காரராகவும் மாலுமியாகவும் போகும் கோவாக்காரர்கள், ஊரிலிருந்து வந்து அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் நாள்களில் தங்கும் இடம். குறைந்த வாடகை. சுவர் ஓரமாக வரிசையாகப் பெட்டிகள். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்ல வேண்டும். நம்மவர்கள் மாட்டுங்காவில் மெஸ் சாப்பாட்டோடு ஓர் அறையில் நாலு பேர் தங்கிய கதை போலத்தான். கோவாக்காரர்கள் கப்பலுக்கும் பம்பாய்க்கும் ஆப்பிரிக்காவுக்கும், பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடுகள் எழுந்தன. வீட்டில் இருந்ததோ அம்மாவும் பாட்டியும் குழந்தைகளும். மிச்ச அறைகள் பூட்டிக் கிடந்தன.

அந்த அறையைத்தான் ஹிப்பிக்கு வாடகைக்கு விட்டார்கள். இந்தியாவின் மிகப் பிரபலமான மலிவுக் கடற்கரைத் தங்கல் எந்த முதலாளியின் திட்டத்திலும் பிறக்கவில்லை. பிழைக்க வெளியூர் போனவர்களின் காலி அறைகளில் பிறந்தது. ஊரில் பூட்டிய வீடு வைத்திருக்கும் நமக்கு இது சொல்லாமலே புரியும்.

1973-ல் லோன்லி பிளானட் நிறுவனத்தின் முதல் புத்தகம், ஆசியாவைக் குறைந்த செலவில் கடப்பது எப்படி என்று வந்தது. 1981-ல் அவர்களுடைய இந்தியா கையேடு வந்தது. இதற்கு நடுவே 1979-ல் ஈரானில் புரட்சி, அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. தரைவழி அடைபட்டது. மறுபக்கம் பெரிய ஓட்டல்கள் வந்தன. 1970களில் அகுவாடா கோட்டையருகே தாஜ் குழுமத்தின் ஓட்டல் வந்தது. 1983 நவம்பரில் காமன்வெல்த் தலைவர்கள் டெல்லி மாநாட்டுக்கு நடுவில் ஓய்வுக்குக் கோவா வந்தார்கள். 1980களில் ஐரோப்பாவிலிருந்து நேரடி சார்ட்டர் விமானங்கள். கடற்கரைக்கு இனி பெரிய பணம் வரும் என்று தெரிந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் தண்ணீருக்காகவும் கடற்கரைக்குப் போகும் வழிக்காகவும் உள்ளூர்க்காரர்கள் போராட வேண்டியிருந்தது.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் இல்லாமல் விட வேண்டும் என்றது கடிதம். 1991 பிப்ரவரி 19-ல் அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. கிராமப்புறக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதிய நிரந்தரக் கட்டடம் கூடாது. 200-லிருந்து 500 மீட்டர் வரை நிபந்தனைகளோடு ஓட்டல் கட்டலாம்.

நிரந்தரமாகக் கட்டக் கூடாது என்றால்? தற்காலிகமாகக் கட்டலாம்! பாலோலெம் குடில் இப்படித்தான் பெருகியது. வடக்கே கூட்டமும் விலையும் ஏற, முதுகுப்பைப் பயணிகள் தெற்கே நகர்ந்தார்கள். தென்னந்தோப்புக்காரர்களும் மீனவர்களும் மழை முடிந்ததும் குடில் போட்டு, அடுத்த மழைக்கு முன் பிரித்து அடுக்கி வைத்தார்கள். 2011-ல் வந்த புதிய அறிவிக்கையில், கோவாவில் செப்டம்பர் முதல் மே வரை வழக்கமாகப் போடும் தற்காலிக அமைப்புகளுக்குத் தனியாகவே இடம் கொடுத்தார்கள்.

நம் மாதிரிக் குடும்பங்களைக் கொண்டு சேர்த்தது கொங்கண் ரயில். 1998 ஜனவரியில் முழுப்பாதையும் திறந்தது. பாலோலெம் பக்கத்திலேயே காணகோணா ஸ்டேஷன். அதற்கு முன் பம்பாய்க்காரர்கள் பலர் பஸ்ஸிலோ, பனாஜி போகும் ஸ்டீமரின் மேல்தளத்தில் படுத்தோ கோவா போனார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இது நானே வைத்துக்கொண்ட உதாரணக் கணக்கு. ஒரு குடிலைப் போட, பிரிக்க, அனுமதிக் கட்டணம், இடவாடகை எல்லாம் சேர்த்து ஒரு பருவத்துக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருவம் 240 நாள். பாதி நாள், அதாவது 120 இரவு ஆள் இருக்கிறது. தலைக்கு விழுவது இரவுக்கு 500. துணி வெளுப்பது, கரண்ட், வேலையாள் கூலி என்று இரவுக்கு 400. ஆக 900 ரூபாய்க்குக் கீழே போனால் நஷ்டம்.

இப்போது கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிப் பத்து இரவு 3,000 ரூபாய்க்குப் போகிறது. தினச் செலவு போக 26,000 கைக்கு வந்துவிட்டது. மிச்சம் 34,000-ஐ மீதி 110 இரவில் எடுத்தால் போதும். இரவுக்குச் சுமார் 310. தினச் செலவோடு 710. அதனால்தான் ஜனவரி இரண்டாம் வாரத்தில் அதே குடிலை அவரால் குறைத்துத் தர முடிகிறது. டிசம்பர் கடைசியில் பேரம் பேசிப் பயனில்லை. அந்தப் பத்து நாள்தான் அவருக்கு மழைக்கால அரிசி.

ஆகவே திட்டம் இப்படி:

முதலில் நாள். நவம்பர் இரண்டாம் பாதி, பொங்கலை ஒட்டிய நாள்கள், பிப்ரவரி ஆகியவை நல்லவை. பிள்ளைகளின் பரீட்சை முடிந்து ஏப்ரலில் போகலாம். புழுக்கம் இருக்கும், ஆனால் கூட்டம் இருக்காது. மே கடைசியில் குடில் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது ரயில். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாள் முன்னதாகத்தான். டிசம்பர் கடைசிக்குப் போவதானால் அக்டோபர் கடைசியிலேயே உட்கார வேண்டும். காணகோணாவில் எல்லா வண்டியும் நிற்காது. மட்காவில் இறங்கினால் பஸ் இருக்கிறது, சுமார் 40 கி.மீ. வங்கிக்காரர்களுக்கு எல்.எஃப்.சி. இருந்தால் ரயில் செலவு கழிந்துவிடும். கையிலிருந்து போவது தங்கலும் சாப்பாடும் மட்டும்.

மூன்றாவது தங்கல். முதல் இரவுக்கு மட்டும் போனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கடற்கரையில் நடந்து நாலு குடில் பார்த்துவிட்டு மீதி நாள்களுக்குப் பேசுங்கள். ஐந்து நாள் சேர்த்து எடுத்தால் விலை இறங்கும். காலி இரவு அவருக்கு நஷ்டம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும் :-) பண்டிகை நாள்களில் மட்டும் இந்த முறை உதவாது, முழுதும் முன்பதிவு செய்துவிடுங்கள். சொந்தப் பூட்டு ஒன்று கொண்டு போங்கள். கீற்றுக் குடிலுக்குள் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள்.

நான்காவது வரி. 1,000 ரூபாய்க்குக் கீழான அறைக்கு 2017-ல் ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறியவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று வசூலிக்கவும் கூடாது. வரி போட்டால் எண்ணோடு பில் கேளுங்கள்.

ஐந்தாவது சாப்பாடு. கடலைப் பார்த்த மேசைக்குத் தனி விலை. உள்ளே சாவுடி கடைத்தெருவுக்குப் போனால் புழுங்கலரிசிச் சோறும் மீன் குழம்பும் பாதி விலையில். சைவக்காரர்களுக்கு உடுப்பி வகைச் சாப்பாடும் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கடலோரக் கிராமங்களில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. நல்லதுதானே, குடில்காரரும் கான்கிரீட்டில் கட்டிக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். வருடத்தில் நாலு மாதம் வருமானமே இல்லாத பிழைப்பு, அவருக்கும் அந்த ஆசை இருக்கும். ஆனால் கான்கிரீட்டுக்குக் கடன் வேண்டும், கடனுக்கு அடமானம் வேண்டும். மே மாதம் பிரித்து அடுக்கும் மூங்கிலை எந்த வங்கியும் அடமானமாக எடுக்காது. நானே கையெழுத்துப் போட மாட்டேன். நிரந்தரக் கட்டடம் வந்தால் அதைக் கட்டப் போவது வெளியிலிருந்து வரும் பெரிய கை. பிரித்துவிட வேண்டும் என்ற விதிதான் பெரிய கையைத் தள்ளி நிறுத்தி, தோப்புக்காரருக்கு இடம் விட்டது. நம் பட்ஜெட்டுக்கும் இடம் விட்டது.

போகிறவர்கள் குடில் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்தத் தோப்பு யாருடையது, குடில் போடுவது யார்?" அந்த வீட்டுக்காரரே பதில் சொன்னால் அங்கேயே தங்குங்கள். விலை இன்னும் ஐம்பது ரூபாய் குறைகிறதா என்று அடுத்த குடிலைத் தேட வேண்டாம்.